பத்தாவது படியில் எத்தனை பேர்?



குளிர்காலத்தில் தூத்துக்குடி உப்பளங்களின் ஓரமாக நடந்திருக்கிறீர்களா? பாத்திகளில் பூநாரைகள் நிற்கும். கடலோரச் சேற்றில், வடக்கேயிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த உள்ளான்கள் இரை தேடும். முன்பு இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். மனிதனை அவ்வாறு துறைமுகத்தில் நிறுத்திவைக்கலாம். பறவைக்கு ஏது துறைமுகம்?

பறவைக் காய்ச்சல் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது ஒரு மாணவர் எழுந்து, "1997 முதல் பயமுறுத்துகிறார்களே, ஐயா! இதுவரை உலகம் முழுவதும் பரவவில்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்னும் வைரஸ் கோழிகளிலிருந்து 18 பேரைத் தொற்றியது. 6 பேர் இறந்தனர். அந்நகரம் சில நாட்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கோழிகளைக் கொன்று நோயை நிறுத்தியது. 2003-க்குப் பின் உலகெங்கும் 900-க்கு மேற்பட்டோருக்கு இவ்வைரஸ் தொற்றியதாகப் பதிவாகியுள்ளது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் உயிரிழந்தார்கள். இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரின் கோழிப்பண்ணைகளில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2021-இல் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இதற்குப் பலியானான். 2025-இல் ஆந்திராவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது.

இவ்வளவு கொடிய வைரஸ் ஏன் ஊரெங்கும் பரவவில்லை? வைரஸின் மேலுள்ள எச் புரதத்தை ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பறவையின் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள பூட்டுக்கு நன்கு பொருந்துகிறது. நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இருக்கும் பூட்டு சற்று வேறு. ஆகவே நோயுற்ற கோழியோடு நெருங்கிப் பழகுகிறவரைத் தொற்றினாலும், அவரிடமிருந்து அடுத்தவருக்கு எளிதில் தாவ முடிவதில்லை.

இதைப் பௌதிகக் கண்ணோடு பார்ப்போம். கூடங்குளம் அணு உலையில் ஒரு பிளவு எத்தனை அடுத்த பிளவுகளைத் தூண்டுகிறது என்பதே முக்கியமான எண். நோய்க்கும் அப்படியே. ஒருவர் சராசரியாக 0.9 பேருக்கு நோயைக் கொடுத்தால், 100 பேரில் தொடங்கும் தொடர் பத்தாவது படியில் 35 பேராகச் சுருங்கும். அதே எண் 1.1 ஆனால் பத்தாவது படியில் 259 பேர்! 0.9-க்கும் 1.1-க்கும் இடைவெளி மிகச் சிறிது. ஆனால் ஒன்று அணைகிற நெருப்பு, மற்றது பற்றுகிற நெருப்பு. மனிதரிடையே பறவை வைரஸின் எண் இன்று ஒன்றுக்கு வெகு கீழே இருக்கிறது.

அது அங்கேயே நிற்கும் என்பதற்கு உறுதி உண்டா? இவ்வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளால் ஆனது. மனிதக் காய்ச்சல் வைரஸும் பறவை வைரஸும் ஒரே உயிரணுவில் சந்தித்தால் துண்டுகள் மாறிக்கொள்ளக்கூடும். 1957, 1968 ஆண்டுகளின் உலகக் கொள்ளைநோய்கள் அப்படிப் பிறந்தவையே. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் கறவைப் பசுக்களிடமும் எச்5என்1 காணப்பட்டது. பாலூட்டிகளின் உடலுக்கு அது பழகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே அந்த மாணவருக்கு என் பதில் இது: இதுவரை வராதது, இனி வராது என்பதற்குச் சான்று ஆகாது. ஒவ்வொரு தொற்றும் ஒரு தாய உருட்டல். தாயம் எப்போது விழும் என்பது நம் கையில் இல்லை. எத்தனை முறை உருட்டுவது என்பதில் நமக்குப் பங்கு உண்டு.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரே நாளில் ஐந்தாறு கோழிகள் செத்தன. "வெள்ளைக்கழிச்சலாக இருக்கும்" என்று சொல்லி ஓடையில் எறிந்தார்கள். அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு நோய்களையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம் போன்ற இடத்தில்தான் உறுதி செய்ய முடியும். பக்கத்து வீட்டுக்காரரின் மனம் நோகுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. படித்தவனின் மௌனம் அது.

நாம் அஞ்சவேண்டியது பூநாரைக்கோ முட்டைக்கோ அல்ல. நன்கு வேகவைத்த முட்டையிலும் இறைச்சியிலும் வைரஸ் பிழைக்காது. பறவைகளை விரட்டுவதாலும் பயனில்லை. அஞ்சவேண்டியது, செத்த கோழியை மறைக்கும் பழக்கத்துக்கே. வளர்ப்பவர் நட்டத்துக்குப் பயந்து மறைக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நோய்த்தடுப்புக்காகக் கொல்லப்படும் பறவைகளுக்கு அரசு இழப்பீடு தருகிறது. அது குறைவின்றி, காலம் தாழ்த்தாமல் கைக்கு வந்தால் அவரே முதலில் வந்து சொல்வார். அந்தப் பணமும் ஒரு தடுப்பு மருந்தே என்பது என் கருத்து.

பெரிய ஆய்வகங்களுக்கு முன்னால் செத்த பறவையைப் பார்ப்பவர் உப்பளத் தொழிலாளி, மீனவர், பள்ளிக்குப் போகிற நீங்கள். காகங்களோ கோழிகளோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். அன்றே ஆசிரியரிடமோ கால்நடை மருந்தகத்திலோ சொல்லுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்கள் அல்லவா?