குறைவு என்பார்கள், எவ்வளவு என்று சொல்லமாட்டார்கள்

பண்டிகைச் சரக்கின் விலையில் பயனைவிடத் தேதிக்கே பங்கு அதிகம். அரிசியோ எண்ணெயோ விலை ஏறினால் வாங்குபவர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு ரகத்துக்கு மாறுவார். குழந்தையிடம் பெயர் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்ட பொம்மைக்கு வேறு ரகம் கிடையாது. பண்டிகை கழிந்து வந்தால் அதற்குப் பாதி மதிப்புகூட இல்லை. இல்லாமலே இருந்துவிடக்கூடிய பொருளுக்கு மக்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுப்பதற்கு முதற்காரணம் இந்தக் கெடுதான்.

இரண்டாவது காரணம் பிறர் கை. 1983 கிறிஸ்துமஸுக்கு முன் அமெரிக்கக் கடைகளில் கேபேஜ் பேட்ச் பொம்மைக்காகத் தள்ளுமுள்ளு நடந்தது. 1996-இல் சுமார் 29 டாலர் விலையுள்ள டிக்கிள் மி எல்மோ பொம்மை பல நூறு டாலருக்குக் கைமாறியது. துணியும் பஞ்சும் அந்த விலையை விளக்காது. 1975-இல் உளவியலாளர் ஸ்டீபன் வொர்ச்செல் குழுவினர் நடத்திய பிஸ்கட் சோதனை ஓரளவு விளக்கும். ஜாடியில் பத்து பிஸ்கட் இருந்தபோது கிடைத்ததைவிட, இரண்டே இருந்தபோது அதே பிஸ்கட்டுக்குக் கூடுதல் மதிப்பு கிடைத்தது. மற்றவர்கள் விரும்பி எடுத்ததால் குறைந்தது என்று தெரிந்தபோது அது இன்னும் ஏறியது. ருசிக்கான மதிப்பெண் மட்டும் ஏறவில்லை.

தயாரிப்பாளர் ஏன் விலையை ஏற்றிவிடுவதில்லை என்பதற்கும் விடை உண்டு. ஆய்வாளர்கள் கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி: கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு கிடங்கில் அகப்பட்ட ஒரே ஒரு கேபேஜ் பேட்ச் பொம்மையைக் கடைக்காரர் ஏலம் விடலாமா? 74 விழுக்காட்டினர் நியாயமில்லை என்றனர். ஆகவே அச்சிட்ட விலை அப்படியே நிற்கும், சரக்கு குறைவாக வரும், வரிசையே விளம்பரமாகும். கூடுதல் பணம் மறுவிற்பவருக்குப் போகும், பழியும் அவருக்கே. 2025 ஜூனில் லபுபு பொம்மை பெருமளவில் மறுபடி விற்பனைக்கு வந்ததும் சீனாவில் அதன் மறுவிற்பனை விலை சரிந்தது. பொம்மையில் எந்த மாற்றமும் இல்லை, எண்ணிக்கைதான் மாறியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜூன் 5 அன்று வெளியிட்ட அறிவுரையைப் படிக்க வேண்டும். 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் தள வடிவமைப்பு) வழிகாட்டுதல்கள் பட்டியலிடும் 13 உத்திகள் தங்கள் தளத்தில் உள்ளனவா என்று இணைய வணிக நிறுவனங்கள் மூன்று மாதத்துக்குள் தாங்களே தணிக்கை செய்துகொள்ளும்படி அது கேட்டுக்கொண்டது. பட்டியலின் முதல் இனமே பொய் அவசரம். அந்தத் தடை சரியானது, வரவேற்கத்தக்கது. பரிசுப்பொருள் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘இன்னும் 2 மட்டுமே’ என்று வருகிறது. கீழே பத்து நிமிட டைமர் ஓடுகிறது. பக்கத்தை மூடித் திறந்தால் டைமர் மறுபடி பத்திலிருந்து தொடங்குகிறது. இதைப் பிடிக்க அந்த விதி போதும்.

பிடிபடாதது, பொய்யில்லாத தட்டுப்பாடு. ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும் பொருளில் நூறு மட்டும் இறக்கி, ‘சரக்கு குறைவு’ என்று அறிவித்து, சில நொடிகளில் ‘விற்றுத் தீர்ந்தது’ என்று பலகை மாட்டும் நிறுவனம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. 2022-ஆம் ஆண்டின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் தூண்டில் விளம்பரத்துக்கு, எதிர்பார்க்கத்தக்க தேவைக்கு ஏற்ற சரக்கு இருக்க வேண்டும் என்கின்றன. தேவை மிஞ்சுமானால் சரக்கு குறைவு என்பதைத் தெளிவாக்கச் சொல்கின்றன. அதுவும் குறைந்த விலை காட்டி இழுக்கும் விளம்பரத்துக்கு மட்டும். முழு விலையில் அளந்து விடப்படும் பண்டிகைப் பதிப்புக்கு அது எட்டாது. ஆக, ஒரு வழிகாட்டுதல் குறைவு என்று சொல்லச் சொல்கிறது, மற்றொன்று குறைவு என்று பொய் சொல்லாதே என்கிறது. எத்தனை என்று சொல்லும் கடமையை இரண்டும் யார்மீதும் வைக்கவில்லை. எண்ணிக்கை தெரியாமல் பொய்யையும் மெய்யையும் எப்படிப் பிரிப்பது? அது நிறுவனத்தின் சர்வருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. அந்த நிறுவனத்திடமே தணிக்கையையும் ஒப்படைப்பது, பரீட்சை எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது.

விற்பனைக்கு வைக்கும் எண்ணிக்கையை முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. 2014-இல் ஷாவ்மி கைப்பேசிகள் ஃபிளாஷ் சேலில் நொடிகளில் தீர்ந்த காலத்திலிருந்தே இந்தத் தேவை கண்ணெதிரே உள்ளது. 2021 ஜூன் 21 அன்று இணைய வணிக விதிகளுக்கான திருத்த வரைவு வெளியானபோது நல்ல வாய்ப்பு வந்தது. அந்த வரைவு தொட்டதோ, தளம் தனக்கு வேண்டிய விற்பனையாளர்களை மட்டும் விற்க வைக்கும் ஃபிளாஷ் சேலை. வழக்கமான ஃபிளாஷ் சேலுக்குத் தடையில்லை என்று விளக்கமும் உடனே வந்தது. சிறு வணிகரின் குறை கேட்கப்பட்டது, தேவையான குறைதான். நுகர்வோர் பெயரைத் தாங்கிய துறைக்கு நுகர்வோரின் நினைவு அப்போதும் வரவில்லை. வரைவும் வரைவோடு நின்றது. ஒரு பாட்டில் தண்ணீருக்கு எம்.ஆர்.பி.-க்கு மேல் சில ரூபாய் வாங்கும் பெட்டிக்கடைக்காரரைச் சட்டமுறை எடையளவு விதிகளின் கீழ் பிடிக்க ஆள் உண்டு. இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பொம்மையை மும்மடங்குக்கு விற்பவருக்கும் அதே விதிகள் பொருந்தும், ஏனெனில் அவை ‘வேறு எந்த நபரையும்’ சேர்த்தே தடுக்கின்றன. அங்கே ஆய்வாளர் எட்டிப் பார்ப்பதில்லை. கடையில் ஷட்டர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, வழக்கு எண்ணிக்கை ஏறுகிறது.

வழக்காடும் வழியும் குறுகியது. பொருள் கிடைக்காமல் போனவர் எதையும் வாங்கவில்லை. ஆகவே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவின்படி நுகர்வோரே அல்ல என்ற வாதம் முதல் நாளே எழும். மறுவிற்பவரிடம் வாங்கியவருக்கோ நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம் இல்லை. விலையை ஏற்றும் வகையில் சரக்கைப் பதுக்குவதும் விற்க மறுப்பதும் 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதைக் கையில் எடுத்துத் தானாக விசாரிக்கும் அதிகாரம் மத்திய ஆணையத்துக்கு உண்டு. அந்த அதிகாரம் இருக்கும் இடத்திலிருந்துதான் சுய தணிக்கைக் கடிதம் வந்திருக்கிறது.

மிஞ்சுவது பணம் கட்டி ஆர்டர் உறுதியான பின் ரத்து செய்யப்பட்டவரின் வழக்கு. அவர் நுகர்வோர் என்பதில் ஐயம் எழ இடமில்லை. அத்தகைய புகார்களில் இழப்பீடு கேட்பதோடு நிறுத்தாமல், அதே சட்டத்தின் 38(9)-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், விற்பனை தொடங்கிய நேரத்துக் கையிருப்புப் பதிவேட்டையும் ஆர்டர் பதிவுகளையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி இடைக்கால மனு போடலாம். மனு தள்ளுபடியானாலும் காரணம் எழுத்தில் வரும்; மேல்முறையீட்டில் எண்ணிக்கை பற்றிய கேள்வியை மாநில நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்க அது போதும்.