எழுபத்தெட்டு வயதில் வந்த வேடம்

அகதா கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாகப் பல நடிகைகள் நடித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மார்ப்பிள் ஒருவர்தான்: ஜோன் ஹிக்சன். 1984-இல் பி.பி.சி. தொடரில் அந்த வேடத்தை ஏற்றபோது அவருக்கு வயது 78.

1927-இல் மேடையேறியவர். அன்று முதல் வீட்டுக்காரம்மா, சமையற்காரி, நர்ஸ், யாராவது ஒருவரின் தாய் என்று சின்னச் சின்ன வேடங்கள். ‘கேரி ஆன்’ நகைச்சுவைப் படங்களிலும் சில நிமிடங்கள் வந்து போவார். 1940-களில் தன் நாடகம் ஒன்றில் அவரைப் பார்த்த கிறிஸ்டியே, என்றாவது ஒருநாள் என் மார்ப்பிளாக நீங்கள் நடிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். ஆனால் 1961-இல் ‘மர்டர் ஷி செட்’ படத்தில் மார்ப்பிளாக வந்தவர் மார்கரெட் ரூதர்ஃபோர்டு. ஹிக்சனுக்குக் கிடைத்தது அதே படத்தில் வேலைக்காரி வேடம். கடிதம் எழுதிய கிறிஸ்டி 1976-இல் காலமானார். தன் விருப்பம் நிறைவேறியதை அவர் பார்க்கவே இல்லை.

இத்தனை ஆண்டுகளையும் வெறும் காத்திருப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலன் அய்க்போர்னின் ‘பெட்ரூம் ஃபார்ஸ்’ நாடகத்தில், கட்டிலில் உட்கார்ந்து டோஸ்டில் மீன் வைத்துச் சாப்பிடும் முதிய மனைவியாக வந்தார். அதற்காக 1979-இல் நியூயார்க்கில் டோனி விருது, அதுவும் துணைப் பாத்திரத்துக்கான பிரிவில். துணைப் பாத்திரம் ஏற்பவருக்கு வசனம் குறைவு. மற்றவர் பேசும்போது காட்சி கெடாமல் நின்று கேட்கத் தெரிய வேண்டும். மார்ப்பிளுக்கு வேண்டியதும் அதுதானே! ரூதர்ஃபோர்டு கலகலப்பாக அரங்கையே ஆட்டிவைப்பார். அதற்கும் நான் ரசிகன்தான். ஹிக்சனோ ஓரமாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார். இன்ஸ்பெக்டர் பேசுவார், உறவினர்கள் பொய் சொல்வார்கள். அந்த நீலக் கண்கள் மட்டும் நிமிரும். குரலில் பரிவு இருக்கும், தீர்ப்பில் துளி இரக்கம் இருக்காது. நாவலில் இருக்கும் மூதாட்டி அப்படித்தான்.

1992-க்குள் மார்ப்பிள் நாவல்கள் பன்னிரண்டையும் நடித்து முடித்தார். 1998-இல் 92 வயதில் மறைந்தார்.

இதுவரை பார்க்காதவர்கள் ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’ கதையிலிருந்து தொடங்குங்கள். அவருக்கு வசனமே இல்லாத காட்சிகளில் கண்ணை அவர் மேலேயே வைத்திருங்கள்.