இணையத்தளத்தின் உறுதி யார் பெயரில் இருக்கிறது?

கல்முனைக் கரையோர ஊர்களில் கடை வைத்திருக்கும் எவரிடமும் கடைக்காணியின் உறுதி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அலுமாரியின் எந்தத் தட்டில், எந்த உறையினுள் இருக்கிறது என்று தயக்கமின்றிச் சொல்வார். அதே மனிதரிடம், உங்கள் இணையத்தளம் யார் பெயரில் பதியப்பட்டிருக்கிறது என்று கேட்டால், "அது ஒரு தம்பி செய்து தந்தது, அவருக்குத்தான் தெரியும்" என்பார். அந்தத் தம்பி பெரும்பாலும் கட்டாரிலோ டுபாயிலோ இருப்பார்.

சிறு வியாபாரிகள் தமது இணையத்தளத்தை ஒரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் வழங்கிக்கு மாற்ற முனையும் போதுதான் இந்தக் கேள்வி தலைதூக்குகிறது. தளத்தை இடம் மாற்றுவது கணினி தெரிந்தவர்களின் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். அது முதலில் உரிமை பற்றிய விடயம். தொழில்நுட்பம் அதற்கு அடுத்ததுதான் என்பதே என் கருத்து.

மாற்ற வேண்டிய தேவை ஏன் வருகிறது? 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டி நின்ற அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஆண்டுக்கு 60 டொலர் கட்டி வந்தவருக்கு 12,000 ரூபாவாக இருந்த செலவு 21,600 ரூபாவாயிற்று. கடைக்கு மின்சாரக் கட்டணம் கட்டுவதா, இணையத்தளத்துக்குக் கட்டுவதா என்று யோசித்தவர்கள் எதைக் கைவிட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நாணய நெருக்கடி இல்லாத காலத்திலும், முதலாம் ஆண்டு மலிவு விலை காட்டி, இரண்டாம் ஆண்டு முழுக் கட்டணம் அறவிடுவது இத்துறையில் சர்வசாதாரணம். ஆகவே இடம் மாற்றுவது எந்த வியாபாரிக்கும் ஒருநாள் வந்தே தீரும்.

இணையத்தளம் என்று நாம் ஒரே பெயரால் சொல்வது உண்மையில் மூன்று பொருள்கள். முதலாவது முகவரி, அதாவது டொமைன் என்னும் ஆள்களப் பெயர். இரண்டாவது, படங்களும் எழுத்தும் விலைப்பட்டியலும் வைக்கப்பட்டிருக்கும் இடம், இதுதான் ஹோஸ்டிங். மூன்றாவது, அந்த முகவரியின் பெயரில் இயங்கும் மின்னஞ்சல். கடையின் பெயர்ப்பலகை, கடைக் கட்டடம், தபால் பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். இவை மூன்றும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கலாம். கட்டடத்தை மாற்றும்போது பெயர்ப்பலகையை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பெயர்ப்பலகை வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தால், புதுக் கட்டடம் கட்டியும் பயனில்லை.

எனக்குத் தெரிந்த கைத்தறி வியாபாரி ஒருவருக்கு நேர்ந்தது இதுதான். சாரமும் சேலையும் நெய்விக்கும் குடும்பம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் தளத்தைப் பார்த்துப் பெருநாளைக்கு முன்னர் மின்னஞ்சலில் ஓடர் அனுப்புவார்கள். தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர், முகவரியைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்திருந்தார். அவர் வெளிநாடு சென்றபின், புதுப்பிக்கும்படி வந்த நினைவூட்டல்கள் அவர் திறந்தே பாராத ஒரு மின்னஞ்சல் பெட்டியில் குவிந்தன. முகவரி காலாவதியாயிற்று. சில மாதங்களின் பின் அதே முகவரியில் எவருடையதோ சூதாட்ட விளம்பரம் தோன்றியது.

டொட் கொம் போன்ற முகவரிகள் காலாவதியான உடனே பறிபோய்விடுவதில்லை. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்கள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். நீக்கப்பட்டபின் 30 நாள்கள் மீட்புக் காலம் உண்டு. அதில் மேலதிகக் கட்டணம் செலுத்த வேண்டும். பின்னர் ஐந்து நாள்களில் அது சந்தைக்கு வந்துவிடும். இத்தனை படிகளையும் அந்த வியாபாரி அறியாமலே கடந்துவிட்டார். தாமே உரிமையாளர் என்பதை நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

அந்த இளைஞரை மோசக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். நம்மூர் வியாபாரிகளிடம் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பணம் செலுத்தக்கூடிய கடனட்டை இருக்கவில்லை. பலரிடம் மின்னஞ்சல் முகவரிகூட இல்லை. வேலை முடியவேண்டுமென்று பொடியன்மார் தம் அட்டையைக் கொடுத்தார்கள். அட்டைக்குரியவரின் பெயரே பதிவிலும் ஏறியது. உதவியாகத் தொடங்கியது உரிமைச் சிக்கலாக முடிந்தது. டொட் எல்கே முகவரிகளுக்கு உள்நாட்டிலேயே ரூபாவில் பணம் செலுத்தலாம். 2010 ஆம் ஆண்டு முதல் டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரியும் இருக்கிறது. ஆகவே அட்டை இல்லை என்ற காரணம் இன்று செல்லாது.

இந்தக் கரைக்கு ஆவணத்தின் பெறுமதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டம் மட்டும் 10,000 க்கு மேற்பட்ட உயிர்களை இழந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று வீடுகளோடு உறுதிகளும் அடையாள அட்டைகளும் அள்ளுண்டு போயின. உயிர் பிழைத்தவர்கள் தமது காணி தம்முடையதுதான் என்று காட்டக் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பின்னரும் நம் வியாபாரத்தின் ஒரு பகுதியைப் பெயரில்லாத உறுதியில் வைத்திருப்பது நியாயமா?

இனி, மாற்றும் முறையைச் சொல்கிறேன். புதிய இடத்தில் தளத்தின் முழுப் பிரதியையும் முதலில் ஏற்ற வேண்டும். அங்கே அது ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்தபின்னரே முகவரியை அங்கு திருப்ப வேண்டும். முகவரி எங்கே சுட்டுகிறது என்ற தகவலை உலகெங்குமுள்ள கணினிகள் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நேரம் ஒரு நாளாக இருந்தால், திருப்புவதற்கு இரண்டு நாள் முன்னரே அதனை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும். பழைய இடத்தை உடனே மூடிவிடக் கூடாது. இரண்டு வாரமாவது இரண்டுக்கும் வாடகை கட்டுங்கள். மின்னஞ்சலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய கடிதங்கள் பழைய வழங்கியிலேயே இருக்கும். கணக்கை மூடினால் ஓடர்களும் பற்றுச்சீட்டுகளும் அதனோடு போய்விடும்.

தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. யுனிகோட் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீடும் இணையத்தில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. தரவுத்தளத்தை இடம் மாற்றுகையில் அது ஐரோப்பிய எழுத்தாகப் பிழையாக வாசிக்கப்பட்டால், ஒரு குறியீடு மூன்று அந்நிய எழுத்துகளாக உடையும். சேலையின் பெயர் இருந்த இடத்தில் புள்ளியும் கோடுமாக ஏதோ தெரியும். பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய பக்கங்களின் நிலை வேறு. அவற்றின் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. தேடுபொறியில் தமிழில் தேடினால் அவை அகப்படா. இடம் மாற்றும் சமயத்திலேயே அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் "எல்லாம் சரி" என்று சொல்வதை நம்பாமல், கடைக்காரர் தாமே ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம், பயமில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். யாகூ நிறுவனத்தின் ஜியோசிட்டீஸ் 2009 ஒக்டோபர் 26 இல் மூடப்பட்டபோது எண்ணிலடங்கா இலவசத் தளங்கள் மறைந்தன. 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் எரிந்தபோது, மூலத்தையும் பிரதியையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். நம் நாட்டிலும், 2023 இல் அரசாங்கத்தின் மேகக் கணிமை மீது நடந்த இணையத் தாக்குதலால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப் பெறமுடியாமற் போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. அந்தக் காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை என்பதே காரணம். அரசாங்கத்துக்கே இந்த நிலையென்றால், நம் தளத்தின் ஒரு பிரதி நம் கைவசம் இருக்கவேண்டாமா? சிறு வியாபாரத் தளம் பெரும்பாலும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.

"இந்தக் காலத்தில் இணையத்தளம் எதற்கு? பேஸ்புக் பக்கம் போதுமே" என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே வாடிக்கையாளர் கூட்டம் இருப்பது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் 2018 மார்ச்சில் பேஸ்புக் இந்நாட்டில் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களை அடுத்து மீண்டும் முடக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் மறுபடியும். அந்த நாள்களில் அந்தப் பக்கத்தை மட்டும் நம்பியிருந்தவர்களின் கடை மூடிக் கிடந்தது. சொந்த முகவரி வைத்திருந்தவர்களின் கதவு திறந்தே இருந்தது. பக்கம் வைத்திருங்கள், ஆனால் அது வாடகைக் கடை என்பதை மறவாதிருங்கள்.

தளம் அமைத்துக் கொடுக்கும் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் ஊர்களில் அமானிதம் என்றொரு சொல் உண்டு. ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அவர் கேட்கும்போது குறையின்றித் திருப்பிக் கொடுப்பது. கடவுச்சொல்லும் முகவரிப் பதிவும் அவ்வாறான அமானிதங்களே. வெளிநாடு புறப்படுமுன் அவற்றை ஒரு காகிதத்தில் எழுதி உரியவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். வியாபாரிகளும் தம் பங்குக்கு, அவர்களுடைய கூலியை நிலுவையில் வைத்து இழுத்தடிக்காமல் இருக்க வேண்டும். கூலி கிடைக்காதவர்தான் கடவுச்சொல்லைப் பிணையாகப் பிடித்துவைக்கிறார்.

ஆகவே, வழங்கியை மாற்றும் யோசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தளம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே மூன்று விடயங்களைக் கேட்டறியுங்கள். முகவரி யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதியப்பட்டிருக்கிறது? அது காலாவதியாகும் திகதி எது? தளத்தின் கடைசிப் பிரதி எங்கே இருக்கிறது? விடைகளை எழுதிக் காணி உறுதி இருக்கும் அதே உறையினுள் வைத்துவிடுங்கள், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.