பாலில் கரைச்ச மாத்திரை

நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்னா கால்நடை டாக்டர் பெரும்பாலும் எழுதறது டாக்சிசைக்ளின். மூணு, நாலு வாரம் விடாம குடுக்கணும். இதுல கோளாறு நடக்கிறது மருந்துச் சீட்டுல இல்லீங்க, நம்ம சமையல்கட்டுல.

மாத்திரையை நொறுக்கிப் பால்ல கரைக்கிறோம், இல்லேன்னா தயிர்சோத்து உருண்டைக்குள்ள ஒளிச்சு வைக்கிறோம். நாயும் சுத்தமா நக்கிட்டுப் போயிடும். பால்ல இருக்கிற சுண்ணாம்புச்சத்து இந்த மருந்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ரத்தத்துல சேர்றது குறைஞ்சு போகும். இரும்புச்சத்து இன்னும் மோசம். உண்ணிக் காய்ச்சல்ல ரத்தம் குறைஞ்சு ஈறு வெளுத்துக் கெடக்குதேன்னு, மாத்திரை குடுத்த கையோட இரும்பு டானிக்கும் ஊத்தறாங்க பாருங்க, அதான் எனக்கு ஆத்தாமை. டானிக் வேணும்னா ரெண்டு, மூணு மணி நேரமாவது தள்ளிக் குடுக்கணும். எவ்வளவு தள்ளணும்னு டாக்டரையே கேட்டுக்கிறது நல்லது.

பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை, "மருந்தே டூப்ளிகேட்டுங் மாமா"னு மெடிக்கல்காரரை வைஞ்சுட்டு இருந்தார். நாய் வட்டல்ல பார்த்தா பால். டாக்டரைக் கேட்டுட்டு, சோத்துல கோழிச்சாறு ஊத்திப் பிசைஞ்சு மாத்திரை குடுத்தாங்க. நாய் தேறிடுச்சு. பால் ஒண்ணுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

எல்லா மாத்திரைக்கும் இதே கணக்கு இல்லை. பூனைக்கு டாக்சிசைக்ளினை வறட்டு மாத்திரையாப் போட்டா தொண்டைக்குழாய்ல ஒட்டிப் புண்ணாக்கும். பின்னாடியே கொஞ்சம் தண்ணி குடுக்கணும்.

பட்டணத்துல இருக்கிறவங்க வீட்டுல மருந்து டப்பா பெருசு. பூனைக்கு மேல் சுடுதுன்னு பாராசிட்டமால் அரை மாத்திரை குடுத்தாலே உயிர் போகலாம். ஸ்டீராய்டு ஓடிட்டு இருக்கிற நாய்க்கு நீங்களா வலி மாத்திரையும் சேர்த்தா வயிறு புண்ணாகி ரத்தம் கசியும்.

"வேற ஏதாவது குடுத்தீங்களா?"ன்னு டாக்டர் கேட்டா, "ஒண்ணுமில்லீங்க"ங்கிறோம். டானிக்கை நாம மருந்துலயே சேர்க்கிறதில்லை. பாட்டில், அட்டை எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போய் மேசை மேல வெச்சுடுங்க.

டாக்டருங்க மேலயும் எனக்கு ஒரு குறை உண்டு. கூட்டம் இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா சீட்டு ஓரத்துல "பாலோட வேண்டாம்"னு தமிழ்ல எழுத எவ்வளவு நேரம் ஆகும்?