பீரோவுக்குள் இருந்த காது

எதிர்வீட்டுப் பேரனுக்கு நாலு வயது. பிறவியிலேயே காது கேட்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மதுரையில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தார்கள். அவன் முதன்முதலாக என்னைத் "தாத்தா" என்று கூப்பிட்ட அன்று, சட்டைகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

சித்திரையில் இருக்கன்குடி போய் மொட்டை போட்டு வந்தார்கள். பத்தே நாளில், காதுக்குப் பின்னால் காந்த வில்லை ஒட்டும் இடம் சிவந்து தடித்தது. யாரோ "அலர்ஜி" என்று சொல்ல, மஞ்சளைப் பூசி, கருவியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்கள். இரண்டு மாதம்! பையன் மறுபடி கை ஜாடைக்குப் போய்விட்டான்.

நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். 1957-இல் பாரிஸில் ஜூர்னோவும் எய்ரியேஸும் ஒருவருக்குக் காது நரம்பருகே மின்முனை பதித்த கதையை, மனைவியின் ஊரான இந்தக் கல்லுப்பட்டியில் எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். அந்தப் பெருமையெல்லாம் இங்கே உதவவில்லை. பையனை மதுரைக்குக் கூட்டிப்போனோம்.

ஆடியாலஜிஸ்ட் அம்மா கேட்ட முதல் கேள்வி: "மொட்டை போட்டீங்களா?"

தோலுக்கு உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒன்று. முடி அடர்த்தியாக இருந்தபோது சரியாக இருந்த பிடிப்பு, முடி போனதும் இறுகிவிட்டது. அழுத்தத்தில் ரத்த ஓட்டம் குறைந்து தோல் புண்ணானது. பலம் குறைந்த காந்தம் மாற்றினார்கள். அவ்வளவுதான்.

எல்லாக் குழந்தைக்கும் முன்கூட்டியே அலர்ஜி பரிசோதனை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உள்ளே வைக்கிற டைட்டானியமும் சிலிக்கோனும் ஒத்துக்கொள்ளாமல் போவது அபூர்வம். ஆனால் காந்தத்தை மாற்றியும், கிருமிக்கு மருந்து கொடுத்தும் அடங்கவில்லை என்றால், உள்ளே இருப்பதை எடுக்க முடிவு செய்யும் முன் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். அந்தப் பொருள்களின் சிறு துண்டுகளை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. வீக்கம், சீழ், காய்ச்சல் என்றால் மட்டும் எதற்கும் காத்திராமல் அன்றைக்கே ஓடுங்கள்.

ஆபரேஷன் இலவசம், சரி. ஒரு சிவப்பைக் காட்ட மதுரை போய்வர ஒருநாள் கூலி போகிறதே! பேரையூர் தாலுகாவிலேயே மாதம் ஒருநாள் ஆடியாலஜிஸ்ட் வந்து உட்கார்ந்தால் என்ன?

அடுத்த தையில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள் என்றேன். பாட்டிக்கு என்மேல் கோபம்.