பச்சைக்குறி எனும் பொய்

தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று வாக்களித்து விற்கப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் என் கணினியில் 40 நாட்களாக உறங்கியிருக்கிறது. திரையோரத்துப் பச்சைக்குறி மட்டும் மாறவேயில்லை. ஜெகதாப்பட்டினத்தில் இணைய இணைப்பு அறுபடுவது புதிதல்ல. பாதியில் நின்ற தரவிறக்கத்தை மீண்டும் தொடங்காததும், தோல்வியை மறைத்ததுமே குற்றம். போன மாத வானிலை அறிவிப்பை நம்பி இங்கே எந்த விசைப்படகும் கடலுக்குள் போகாது.

புதுப்பிப்பு வந்து சேராவிட்டால் என்னவாகும்? 2017 மே மாதம் வான்னகிரை தாக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அது போய்ச் சேராத கணினிகளே பலியாயின. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக்கின் தானியங்கிப் புதுப்பிப்பே சுமார் 85 லட்சம் கணினிகளை முடக்கியதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பிழை உடனே கண்ணுக்குத் தெரிந்தது. என் கணினியின் பிழைக்கோ பச்சை பூசியிருக்கிறார்கள். சந்தா முடிவதை ஒரு மாதம் முன்பிருந்தே தினந்தோறும் நினைவூட்டும் மென்பொருளுக்கு இதைச் சொல்ல மட்டும் வாயில்லை.