"சகஜம்" என்று சொல்லாதீர்கள்

டான்சில் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த குழந்தை கறுத்த ரத்தமாக வாந்தி எடுக்கிறது. பதறி ஓடிவரும் தாய்க்குக் கிடைக்கும் பதில்: "எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தாம்மா, சகஜம்." இந்தப் பதிலை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தடுப்பு மருந்து தராவிட்டால் இந்த அறுவைக்குப் பின் பத்தில் ஏழு குழந்தைகள்கூட வாந்தி எடுக்கலாம். விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டுகிறது; மயக்க வாயுவும் மார்ஃபின் வகை வலிமருந்தும் அதைக் கூட்டுகின்றன. தடுக்கும் வழி புதிதும் அல்ல, அரிதும் அல்ல. மயக்கத்தில் இருக்கும்போதே நரம்பில் ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோன் போட்டால் வாந்தி எடுக்கும் குழந்தைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டி 2011இலேயே இதை அழுத்தமாகப் பரிந்துரைத்தது. 2019இலும் அதையே சொன்னது. ஒண்டான்செட்ரானும் சேர்ந்தால் பலன் கூடும். இரண்டுமே நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மலிவான மருந்துகள். ஒரு குழந்தைக்கு இவை ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் யோசித்துத் தவிர்த்தால் மதிக்கிறோம். நினைவே இல்லாமல் விட்டால் அது அலட்சியம்.

புண்ணான தொண்டையோடு ஓங்கரிக்கும் பிள்ளை அப்புறம் தண்ணீரைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறது; உடல் வறண்டு மறுபடி ட்ரிப்ஸ் ஏற்ற நேர்கிறது. அதைவிடக் கொடியது இந்தச் "சகஜம்" மறைப்பது. அடிக்கடி எச்சில் விழுங்குவதும் புது ரத்தமாக வாந்தி எடுப்பதும் அறுத்த இடத்தில் ரத்தம் கசிவதன் அடையாளங்கள். எல்லா வாந்தியையும் ஒன்றாகப் பார்க்கும் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

முந்தின இரவிலிருந்தே தண்ணீர்கூடக் கொடுக்காமல் பிள்ளையை வாட்டும் வழக்கமும் ஒழிய வேண்டும்; மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் தரலாம். "குடித்தால்தான் டிஸ்சார்ஜ்" என்று வற்புறுத்துவது அதைவிட மோசம். அப்படிக் குடிக்கவைத்த குழந்தைகளே அதிகம் வாந்தி எடுத்தார்கள் என்று 1992லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

பிள்ளைக்கோ பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ முன்பு மயக்க மருந்துக்குப் பின் வாந்தி வந்ததா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். மயக்க மருந்துக் குறிப்பில் வாந்தித் தடுப்புக்கென்று ஒரு வரி ஒதுக்குங்கள்: என்ன மருந்து, எவ்வளவு, தரவில்லையென்றால் ஏன். கீழே மருத்துவரின் கையெழுத்து. அந்த வரி காலியாக இருக்கும்வரை எந்தக் குழந்தையையும் தியேட்டரிலிருந்து வெளியே அனுப்பக் கூடாது என்று சுகாதாரத் துறை உடனே உத்தரவிட வேண்டும்.